துருச் சந்தையில் கிடைக்கும் தோட்டத்து வரலாறு



கோலகங்சாரில் நிற்கும் பழைய கித்தா மரத்தைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசுகின்றன. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்து அவ்வூரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளின் காலத்தை அம்மரம் நினைவூட்டுகிறது. மரத்திற்கு வரலாறு எழுதியாயிற்று. அம்மரங்களில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் மாலை வேளையில் என்ன விளையாடினார்கள் என்பதற்கு வரலாறு உண்டா? கோலி, பம்பரம், கிட்டிப்புள் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆனால் 1990ஆம் ஆண்டுகளில் தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பெயரும் வரும்: மைக்ரோ ஜீனியஸ்!

பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை மலிவாகத் தேடி வாங்குவது எனக்கு நெடுநாள் பழக்கம். இது வெறும் பொழுதுபோக்கு அன்று, வரலாற்றுப் பணியும் ஆகும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

பெட்டி வந்த வழி

ஜப்பானின் கியோத்தோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நிந்தெண்டோ. மசாயுக்கி உயெமுரா வடிவமைத்த ‘ஃபேமிகோம்’ என்னும் பெட்டியை அந்நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் நாள் 14,800 யென் விலையில் வெளியிட்டது. தொலைக்காட்சியோடு இணைத்து, கேசட்டை மாற்றி மாற்றி விளையாடலாம். தோட்டத் தொழிலாளியின் வருமானத்திற்கு அந்த அசல் பெட்டி எட்டாக் கனி.

அதனை எட்ட வைத்தது தைவான். ஃபேமிகோம் கேசட்டுகளை அப்படியே ஏற்கும் நகல் பெட்டி ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயரில் அங்கிருந்து வந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நகல்களை இந்தியாவில் ‘லிட்டில் மாஸ்டர்’ என்றும், உருசியாவில் 1992 முதல் ‘டெண்டி’ என்றும் விற்றார்கள். உலகின் பாதி ஏழைப் பிள்ளைகள் ஜப்பானிய விளையாட்டை அறிந்தது நகல் பெட்டிகளின் வழிதான் என்றால் அது பெரிதும் மிகையாகாது.

கேசட்டுகளும் பெரும்பாலும் உரிமம் பெறாத நகல்களே. மஞ்சள் உறை, மேலே ‘64 விளையாட்டுகள்’ என்றோ ‘9999 விளையாட்டுகள்’ என்றோ அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டங்களே இருக்கும். பெயர் மாறும், தொடங்கும் கட்டம் மாறும். ஆட்டம் மட்டும் அதேதான்.

நான் வளர்ந்த தோட்டத்தில் மின்சாரம் என்பது தோட்டத்து ஜெனரேட்டர்தான். மாலையில் ஓடும், இரவு பத்து மணிக்கு நிற்கும். 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ விளையாட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. எனவே விளக்கு அணைந்தால் மாரியோவும் மறைவான். மறுநாள் மீண்டும் முதல் கட்டம். லயத்தில் ஒரே வீட்டில் பெட்டி இருக்கும். சன்னலிலும் வாசலிலும் இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்போம். ஒருவருக்கு ஓர் உயிர், அவ்வளவுதான்! நகர்ப்புறப் பிள்ளை கடைசிக் கட்டம்வரை கண்டான். எங்களில் பலர் அதனைக் கண்டதே இல்லை. ஒரே விளையாட்டுக்கு இரண்டு வரலாறுகள் இருப்பது இதனால்தான்.

பொருள்கள் சந்தைக்கு வந்த வழி

மலாயில் ‘பாசார் காராட்’ என்பார்கள். காராட் என்றால் துரு. ஆக, துருச் சந்தை. ஈப்போவில் ஜாலான் ஹார்லியில் ஞாயிறு காலைகளில் பல ஆண்டுகள் கூடி வந்த பழம்பொருள் சந்தையைப் பலரும் அறிவர். ஈப்போவில் 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கிய ஹார்லி பாதிரியாரின் பெயர் தாங்கிய சாலை அது.

இந்தச் சந்தைக்கு இவ்வளவு பொருள்கள் எப்படி வந்தன? இரண்டு தொழில்களின் வீழ்ச்சியே காரணம் எனக் கருதுகிறேன். முதலாவது ஈயம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி நொடித்தது; விலை சரிந்தது; கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இளையோர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பெற்றோர் மறைந்தபின் பூட்டிய வீடுகளைக் காலி செய்தார்கள்.

இரண்டாவது கித்தா. 1980இல் நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டராக இருந்த கித்தா நிலம், 2000இல் சுமார் 14 இலட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் செம்பனை 10 இலட்சத்திலிருந்து 33 இலட்சத்திற்கு மேல் உயர்ந்தது. லயத்து வீடு தோட்டத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். பட்டணத்து மலிவுவிலை அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்தபோது, சாமிப்படமும் அரிசிப்பானையும் லோரியில் ஏறின. பழுதான விளையாட்டுப் பெட்டி பழைய சாமான் வாங்குபவரிடம் போனது.

ஒரு ஞாயிறன்று தரையில் விரித்த படுதாவில் மஞ்சள் கேசட் ஒன்றைக் கண்டேன். பின்புறத்தில் பேனாவால் தமிழில் ஒரு சிறுவனின் பெயர். அதன்கீழ் ‘3ஆம் லயம்’ என்று இருந்தது.

“அங்கிள், இது எங்கிருந்து வந்தது?” என்றேன்.

“சுங்கை சிப்புட் பக்கம், சிக்கு. தோட்டத்து வீட்டை உடைச்சாங்க. எட்டு வெள்ளி கொடுங்க” என்றார் அந்தச் சீனப் பெரியவர்.

பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மலிவாக வாங்குவோர் கவனத்திற்கு

1. எண்ணிக்கையைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். 9999 என்பது அட்டையில் மட்டுமே.

2. கேசட்டின் செப்புப் பற்களைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். நாம் அன்று செய்ததுபோல் வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

3. ஜப்பானிலிருந்து வந்த அசல் பெட்டியின் மின்மாற்றி 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகினால் கருகிவிடும்.

4. வாத்துச் சுடும் துப்பாக்கி பழைய குழல் தொலைக்காட்சியில் மட்டுமே வேலை செய்யும். தட்டைத் திரைக்கு ஆசைப்பட்டு வாங்காதீர்கள்.

5. ஆட்டத்தைச் சேமிக்கும் கேசட்டுகளுக்குள் சிறு மின்கலம் உண்டு. அது தீர்ந்தால் சேமித்தவை அழியும். மாற்றப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விலையில்லாதவையே முதலில் அழியும்

2021 ஜூலையில் அமெரிக்காவில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அதனைப் பாதுகாக்க ஆள் உண்டு. எட்டு வெள்ளி மஞ்சள் கேசட்டைப் பாதுகாக்க யார் உளர்? அசல் விளையாட்டுகளுக்கே நிலைமை நன்றாக இல்லை. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் அறிவித்தது. நகலுக்குச் சொல்லவே வேண்டா!

அதனினும் விரைவாக அழிவது பொருளின் கதை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கேசட் வெறும் நெகிழி. 3ஆம் லயம் என்று தெரிந்தால் அதுவே ஆவணம். எனவே எதை வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு, அன்றே எழுதி வையுங்கள். எந்த ஊர்? எப்படிப்பட்ட வீடு? ஏன் விற்றார்கள்?

அந்தக் கேசட்டை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டி, வீட்டில் இதனைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். ஒரு மாணவியின் பாட்டி சொல்லியனுப்பிய செய்தி இது: தீபாவளி முன்பணத்தில்தான் பெட்டி வாங்கினார்களாம், பெட்டி வந்த மாதம் அவர் தமக்குச் சேலை எடுக்கவில்லையாம். இச்செய்தி எந்த ஏலப் பட்டியலிலும் வராது.

அன்று வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று நம் பள்ளிப் பெற்றோர்கள். முன்பணம் வாங்கிப் பெட்டி எடுத்துத் தந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் எண்பதை நெருங்குகிறார்கள். அவர்களிடம் கேட்க நமக்கு இருப்பது சில ஆண்டுகளே. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரி மேலே இருக்கும் பெட்டியை இறக்குங்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, அது வாங்கிய கதையைப் பெரியவர்கள் வாயால் சொல்லச் செய்து, பயிற்றுப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதியதைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.