டிரையம்ப் ஸ்டாக் காரும் கழற்ற முடியாத ஹெட்டும்

டிரையம்ப் ஸ்டாக், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த டிரையம்ப் நிறுவனம் 1970 முதல் 1977 வரை தயாரித்த திறந்த கூரைக் கார். மொத்தம் 25,877 கார்கள் வெளிவந்தன. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கலோட்டி. அழகில் குறை சொல்ல இடமில்லாத இந்தக் கார், பழைய கார்களைப் புதுப்பிப்போரிடம் வேறொரு காரணத்துக்காகப் பெயர் பெற்றது. இதன் எஞ்சினில் ஹெட் இறுகிவிட்டால் எளிதில் கழற்ற முடியாது.

பிஸ்டன்கள் ஓடும் கீழ்ப்பகுதி பிளாக். அதன்மேல் மூடிபோல் அமர்வது ஹெட். இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இருக்கும். ஸ்டாக்கில் இருந்தது 2997 கன செ.மீ. கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். ஆகவே இரண்டு ஹெட்டுகள். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட்டுகள் அலுமினியம். எடை குறையும், வெப்பம் விரைவாக வெளியேறும் என்பதால் பல நிறுவனங்கள் இந்தச் சேர்க்கையைப் பயன்படுத்தின. அதில் தவறில்லை. ஆனால் இரு வேறு உலோகங்களுக்கு இடையே உப்பு கலந்த நீர் இருந்தால் அது ஒரு மின்கலம் போல வேலை செய்யும், அரிக்கப்படுவது அலுமினியம். இதைத் தடுக்க, அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் ஆண்டு முழுவதும் எஞ்சினில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் நீர் உறையாமல் இருக்க மட்டுமே அந்தத் திரவம் தேவை என்பது அக்காலத்தில் பலருடைய எண்ணம். கோடையில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியவர்கள் ஏராளம்.

இத்துடன் இன்னொரு குறையும் சேர்ந்தது. ஸ்டாக்கின் நீர்ப் பம்பு எஞ்சினின் உச்சியில், இரு ஹெட்டுகளுக்கும் நடுவே இருந்தது. கூலன்ட் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே பம்பு காற்றை இழுக்கத் தொடங்கும். எஞ்சின் கொதிக்கும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். கசிந்த நீர் ஹெட்டைத் துளைத்துச் செல்லும் ஸ்டட்டுகளைச் சுற்றித் தேங்கும். அங்கே அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு மூல உலோகத்தைவிட அதிக இடம் தேவை. எனவே துளைக்கும் ஸ்டட்டுக்கும் இடையே சிமென்ட் பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் மற்ற கார்களிலும் நடக்கக்கூடியதே. ஸ்டாக்குக்கே உரிய சிக்கல் வேறு. ஹெட்டைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் பாதி நேராகவும் பாதி சாய்வாகவும் இருந்தன. நேரான போல்ட்டுகளை உருவிவிடலாம். சாய்வான ஸ்டட்டுகள் பிளாக்கில் நின்றுகொண்டிருக்கும். அந்தச் சாய்வின் திசையில்தான் ஹெட்டை வழுக்கி எடுக்க முடியும். நேர் மேலே தூக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டும் துளையின் பக்கவாட்டில் முட்டி மேலும் இறுகும். வரைபட மேசையில் நன்றாகத் தெரிந்திருக்கும் ஏற்பாடுதான். பத்தாண்டு ஓடிய எஞ்சினைப் பழுதுபார்ப்பவனை நினைத்து வரைந்ததல்ல என்பது என் கருத்து. 1973-இல் வந்த டோலோமைட் ஸ்பிரின்ட் காரிலும் இதே குடும்பத்து எஞ்சின், இதே சாய்ந்த ஸ்டட்டுகள், இதே தொல்லை.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் மிக்கலோட்டி வடிவமைத்த டிரையம்ப் கார்தான். அதன் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு என்பதால் இந்த நோய் அதற்கு வரவில்லை.

பொறுமையிழந்தவர்கள் கடப்பாரையையும் உளியையும் எடுத்தார்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உளியைச் செருகினால் மென்மையான அலுமினியப் பரப்பு பள்ளமாகும். பிறகு எந்தக் கேஸ்கெட்டும் அங்கே நிற்காது. பல உரிமையாளர்கள் எஞ்சினையே கைவிட்டு, ரோவர் வி8 அல்லது ஃபோர்டு வி6 எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். அப்படித்தான் ஸ்டாக்கின் சொந்த எஞ்சின்கள் பல அழிந்தன. பின்னாளில் மூல எஞ்சினோடு இருக்கும் காருக்கு மதிப்புக் கூடியபோது, சேதமின்றிக் கழற்றும் வழிகளை ஆர்வலர்கள் பொறுமையாகத் தேடினார்கள்.

முதலில் கூலன்ட்டை வடித்துவிட்டு, ஒவ்வொரு ஸ்டட்டின் தலையிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். எண்ணெய் இரும்புத் துருவில் இறங்குவதுபோல் அலுமினியப் பொடியில் எளிதில் இறங்காது. அதற்கு உதவுவது வெப்பம். பள்ளி அறிவியலில் படிக்கும் வெப்ப விரிவுதான்: ஒரு பாகை செல்சியஸுக்கு அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கும், எஃகு சுமார் 12 பங்கும் விரியும். 10 மி.மீ. துளையை ஸ்டட்டுடன் சேர்த்து 100 பாகை சூடேற்றினால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி ஏறக்குறைய 0.01 மி.மீ. மட்டுமே. அதுவே அடைப்பை விரிசலடையச் செய்யப் போதும். சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் எண்ணெய் விட்டு, இதையே பலமுறை செய்வார்கள்.

அடுத்து ஸ்டட்டின் மரையில் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுவார்கள். கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஒரே திசையில் பலங்கொண்டு திருப்புவது கூடாது. கால் சுற்று அவிழ்த்து, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, பொடி நொறுங்க இடம் தர வேண்டும். ஸ்பேனரில் ஸ்பிரிங் போன்ற அசைவு தெரிந்தால் ஸ்டட் சுழலவில்லை, முறுகுகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தாவிட்டால் அது ஒடிந்து, பாதி உள்ளே தங்கிவிடும். நட்டை மாட்டி மரையைக் காத்தபடி ஸ்டட்டின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டுவதும் பலன் தரும்.

எதற்கும் அசையாத ஸ்டட்டுக்குக் கடைசி வழி, முனையில் பற்கள் கொண்ட மெல்லிய எஃகுக் குழாய். அதை ஸ்டட்டின் மேல் மாட்டிச் சுழற்றினால், ஸ்டட்டைச் சுற்றியிருக்கும் அடைப்பையும் சிறிதளவு அலுமினியத்தையும் வெட்டி எடுத்துவிடும். துளை சற்று அகலமாகும், ஹெட் பிழைக்கும்.

மீண்டும் பொருத்தும்போது பழைய ஸ்டட்டுகளைப் போடுவதில்லை. புதியவற்றின் உடலில் இறுகலைத் தடுக்கும் கிரீஸைப் பூசி, தடுப்பான் கலந்த கூலன்ட்டை நிரப்பி, உரிய காலத்தில் அதை மாற்றுகிறார்கள். அப்படிப் பராமரிக்கப்படும் ஸ்டாக்குகளின் ஹெட்டுகள் அடுத்த முறை எளிதாகவே கழன்று வருகின்றன.