தென்காசிச் சீமையில் கூர்க்கன் இனம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதிக்கு வெளிநாட்டுப் பயிர்கள் வந்து சேர்ந்த வரலாறு, பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வளர்த்த வாசனைப் பொருள் தோட்டங்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்தத் தோட்டங்களின் வேலிக்கு வெளியே, ஒடித்த தண்டை ஈரமண்ணில் ஊன்றினாலே வேர்பிடித்துவிடும் ஒரு செடியினம், அரசாங்க ஆணையும் சம்பளக்காரக் கண்காணிப்பாளரும் இல்லாமல் வயல்களிலும் வீட்டுப் புறக்கடைகளிலும் பரவி நிலைபெற்றது. தமிழில் கூர்க்கன் என்றும் தாவரவியலில் கோலியஸ் என்றும் வழங்கும் அந்த இனத்தின் வரலாறே இச்சீமையின் உழவுக்கும் உணவுக்கும் நெருக்கமானது.

கோலியஸ் என்பது துளசியை உள்ளடக்கிய லேமியேசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம். நாற்பட்டைத் தண்டும், எதிரெதிராக அமைந்த இலைகளும், உதடு பிரிந்தாற்போன்ற சிறு பூக்களும் அக்குடும்பத்தின் பொது அடையாளங்களாக இருக்க, மகரந்தக் கம்பிகள் அடியில் ஒன்றிணைந்து உறைபோல் சூல்தண்டைச் சூழ்ந்திருப்பதை இதன் தனி அடையாளமாகக் கொண்டு, வியட்நாமில் நெடுங்காலம் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் லொரேய்ரோ 1790இல் இப்பேரினத்தை நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் இது பிளெக்ட்ராந்தஸ் என்னும் வேறொரு பேரினத்துக்குள் கரைக்கப்பட்டு, 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில் 294 சிற்றினங்களோடு மீண்டும் தனிப் பேரினமாக்கப்பட்டது. பழைய வேளாண் நூல்களில் ஒரே செடி மூன்று நான்கு பெயர்களில் காணப்படுவதற்கு இந்த இழுபறியே காரணம்.

கம்பெனித் தோட்டத்தின் கதை வேறு வகையானது. ஆங்கிலேயர் 1796இல் டச்சுக்காரரிடமிருந்து அம்பொயினா, பாண்டா தீவுகளைக் கைப்பற்றியதும் அங்கிருந்த சாதிக்காய், கிராம்புக் கன்றுகள் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. 1801இல் திருநெல்வேலிச் சீமை கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபின், தென்மேற்குப் பருவத்தின் சாரல் கணவாய் வழியாகப் புகுந்து நனைக்கும் குற்றாலம் அவற்றுக்கேற்ற இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் சாதிக்காய் மரத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி. கன்று காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். நிழலும் காற்றுத் தடுப்பும் இடைவிடாத ஈரமும் வேண்டும். கம்பெனி இதே பயிர்களை வளர்த்த பினாங்குத் தீவுக்கு ஈடான விளைச்சலைக் குற்றாலம் ஒருபோதும் தரவில்லை. சீசன் காலத்தில் அருவிக்கரைக் கடைகளில் விற்கும் மங்குஸ்தானையும் கிராம்பையும் சாதிக்காயையும் கண்டு அந்த முயற்சியின் வெற்றியை மிகைப்படுத்துவது சரியன்று.

பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் (1796–1872), 1830களின் நடுவில் குற்றால மலைகளில் செடிகளைத் திரட்டி, அவ்விடத்துத் தாவரங்களைப் பற்றி மதராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் எழுதினார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் வரைந்தளித்த படங்கள் 1840 முதல் 1853 வரை வெளிவந்த பெருந்தொகுதிகளில் இடம்பெற்றன. இலண்டனில் ஜார்ஜ் பெந்தம் துளசிக் குடும்பத்தை வகைப்படுத்தியபோது வைட்டின் உலர்மாதிரிகளும் அவருக்குப் பயன்பட்டன. எனினும் அக்காலத் தாவரவியலாரின் நாட்டம் காட்டுச் செடியின் மீதே இருந்ததால், மலையடிவாரத்து உழவர் கையிலிருந்த கூர்க்கன் அவர்களுடைய எழுத்தில் ஓரமாகவே நின்றது.

அந்தக் கூர்க்கன்தான் சிறுகிழங்கு. வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் தோன்றி, இன்றும் வடக்குக் கானாவிலும் புர்கினா பாசோவிலும் உணவுப் பயிராக விளையும் இச்செடி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கேரளத்திலும் இலங்கையிலும் தென்தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. கேரளத்தார் இதைக் கூர்க்க என்பர். செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சி ஆட்சிப் பரப்பில் இருந்ததையும், 1904இல் கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை மலையைக் குடைந்து திறக்கப்பட்டதையும் எண்ணிப் பார்த்தால், மலையின் இருபுறத்து அடுப்பங்கரைகளும் ஒரே கிழங்கை விரும்புவதில் வியப்பில்லை. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளியைப் பரப்பியது வரலாற்று நூல்களில் புகழப்படுகிறது. சிறுகிழங்குக்கு அப்படி ஓர் அரசர் வாய்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

கடையம், கீழப்பாவூர், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் இப்பயிரின் ஆண்டு, முன் அறுவடையில் ஒதுக்கிவைத்த விதைக்கிழங்கை நாற்றங்காலில் புதைப்பதில் தொடங்குகிறது. கொடி தழைத்ததும் நுனித்தண்டுகளை ஒரு சாண் அளவுக்கும் குறைவாக வெட்டி, பார்களில் படுக்கவைத்தாற்போல் நட்டு, மண் அணைத்து, நான்கு ஐந்து மாதத்தில் தோண்டி எடுக்கிறார்கள். பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் இச்செடி கிழங்கு வைக்கும் என்பதால், சாரல் காலத்தில் நட்ட வயல் மார்கழி, தை மாதங்களில் விளைந்து நிற்கிறது. பொங்கலன்று நெல்லை, தென்காசி வீடுகளில் பனங்கிழங்கு, சேனை, சேம்பு ஆகியவற்றோடு சிறுகிழங்கும் படையலில் இடம்பெறுவது இந்தப் பருவ ஒழுங்கின் விளைவே. தண்ணீரில் ஊறவைத்துச் சாக்கில் கட்டி உருட்டித் தேய்த்துத் தோல்நீக்கும் பழக்கம், இவ்வளவு சிறிய கிழங்கைக் கத்தியால் சீவும் பொறுமை எவருக்கும் இல்லாததால் ஏற்பட்டது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து இக்கிழங்கு லாரிகளில் கேரளத்துக்கும் செல்கிறது.

வேர்முடிச்சு நூற்புழு என்னும், கண்ணுக்குத் தெரியாத, மண்ணில் வாழும் நுண்புழு வகை இப்பயிரின் பெரும்பகை; அது தாக்கிய கிழங்கு முண்டும் முடிச்சுமாகி விற்பனைக்கு உதவாமல் போகும். 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், ஸ்ரீபத்ரா என்னும் சர்க்கரைவள்ளி வகையை முன்பயிராக நட்டு நூற்புழுவைச் சிக்கவைக்கும் வழியைப் பரிந்துரைத்தது; அது வெளியிட்ட ஸ்ரீதாரா, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 போன்ற சிறுகிழங்குத் தேர்வு வகைகளும் உழவருக்குக் கிடைத்தன.

இதே இனத்தின் கற்பூரவல்லி புறக்கடையில் நின்ற வீட்டு வைத்தியம். குழந்தையின் சளிக்கு வாட்டிப் பிழியும் தடித்த இலையுடைய இச்செடியை வைத்தே லொரேய்ரோ தம் பேரினத்தை அமைத்தார். அவர் இட்ட சிறப்புப் பெயர் அம்பொயினாவைக் குறித்தாலும், செடியின் இயற்கையான வாழிடம் ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகியவையாகும்.

பலநிறக் கோலியஸ், ஊர்வழக்கில் குரோட்டன்ஸ் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிடும் தொட்டிச் செடி, கடைசியாக வந்தது. ஜாவாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவுக்குப் போய், விக்டோரியா காலத்து ஆங்கிலேயத் தோட்டக்காரரின் மோகத்தால் நூற்றுக்கணக்கான கலப்பு வகைகளாகப் பெருகி, அழகுச் செடியாக வீட்டு முற்றங்களை அடைந்தது. தென்காசியின் தட்பவெப்பம் இதற்குப் பொருந்தினாலும் சித்திரை வெயில் பொருந்தாது; நேர்வெயிலில் நிறம் வெளிறும், தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும், மாவுப்பூச்சியும் கணுக்களில் ஒட்டும். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, கொழுந்தைக் கிள்ளிக் கிளைக்கவிட்டு, பூங்கதிர் தோன்றியதும் அகற்றினால் இலை செழிக்கும். ஆடிச் சாரலில் ஊன்றிய துண்டு இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும்.

மூன்று செடிகளுக்கும் பொதுவான இந்த எளிமையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிறுகிழங்கு விதையால் அன்றிக் கிழங்காலும் தண்டாலுமே பெருக்கப்படுவதால், ஒரு பருவம் எவரும் நடாத நாட்டு வகை மறுபருவம் இல்லாமலே போய்விடும். நெல்லைப்போல் குதிருக்குள் பல ஆண்டு உறங்கவைக்க இதற்கு வழியில்லை. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசியில், உழவர் கையில் எஞ்சியுள்ள சிறுகிழங்கு வகைகளைத் திரட்டி ஆண்டுதோறும் நட்டுக் காக்கும் பொறுப்பைக் குற்றாலத்திலுள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணை ஏற்க வேண்டும்.