சிரிப்பின் மூலபாடம்: பழைய நகைச்சுவைத் தொடர்களும் அவற்றைக் காத்த ரசிகர்களும்

பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று டிவிடித் தொகுப்பாக வெளிவரும்போது அதன் ரசிகர்கள் முதலில் எழுப்பும் கேள்வி, "முழுமையாக இருக்கிறதா?" என்பதே. எந்த அத்தியாயத்தில் எத்தனை நிமிடங்கள் குறைகின்றன, எந்தக் காட்சியின் பாடல் மாற்றப்பட்டுள்ளது, சிரிப்பொலி அன்று ஒளிபரப்பானதுதானா என்று அவர்கள் நெடுநேரம் வாதிடுவர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது வீண் நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியரின் பணியும் இதே தன்மையுடையதுதான். தொலைக்காட்சித் தொடருக்கு மூலபாடம் என ஒன்று உண்டு என்னும் எண்ணம் எவ்வாறு உருவாயிற்று, அதை உருவாக்கியவர் யார் என்பதே இப்பதிவின் பொருள்.

தொடக்ககாலத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி என்பது மேடை நாடகத்தைப் போன்றது. நிகழ்ந்தது, முடிந்தது. 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல ஒளிநாடாவை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் இந்த மனப்போக்கு மாறிவிடவில்லை. அந்நாடா விலை மிகுந்தது. அழித்துவிட்டு மீண்டும் பதியத்தக்கது. பிரிட்டனில் நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பை வரையறுத்திருந்தன. வண்ண ஒளிபரப்பு வந்தபின் கருப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்குச் சந்தை மதிப்பும் குறைந்தது. மீண்டும் காட்ட இயலாத ஒன்றை, விலையுயர்ந்த நாடாவில், இடத்தை அடைத்துக்கொண்டு ஏன் வைத்திருக்க வேண்டும்? பிபிசி நிர்வாகத்தின் கணக்கில் அழிப்பே சிக்கனம். 1970களின் இறுதியில் முறையான ஆவணக் கொள்கை உருவாகும்வரை இந்தச் சிக்கனம் தொடர்ந்தது.

அதன் விளைவுகளுள் ஒன்று, பீட்டர் குக்கும் டட்லி மூரும் நடித்த 'நாட் ஒன்லி பட் ஆல்சோ'. 1965 முதல் 1970 வரை மூன்று பருவங்களாக வந்த இத்தொடரின் பெரும்பகுதி இன்று இல்லை. நாடாக்களை விலைக்கு வாங்கிக்கொள்ள குக் முன்வந்தும் பயனில்லாமற் போயிற்று என்பது பலரும் பதிந்துள்ள செய்தி. 1990-இல் ஒரு தொகுப்பு வெளியானபோது அதற்கு இட்ட பெயரே 'எஞ்சியவற்றுள் சிறந்தவை' என்னும் பொருள்பட அமைந்தது. நகைச்சுவைத் தொகுப்பின் தலைப்பிலேயே இழப்பின் குறிப்பு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஊர்க்காவற் படையைப் பகடி செய்த 'டாட்ஸ் ஆர்மி' (1968–1977) தொடரின் வரலாறு இன்னும் விரிவானது. மொத்தம் 80 அத்தியாயங்கள். 1969-இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தின் ஆறில் ஐந்து நெடுங்காலம் காணாமற் போயிருந்தன. அவற்றுள் இரண்டு 2001-இல் கிடைத்தன. தேவையற்றவையென எறியப்பட்டு, தனியார் ஒருவரின் தோட்டக் கொட்டகையில் பல்லாண்டுகள் கிடந்த படச்சுருள்கள் அவை. எஞ்சிய மூன்றும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவற்றுள் ஒன்று, தப்பிப் பிழைத்த ஒலிப்பதிவைக் கொண்டு 2016-இல் அசைவூட்டப் படமாக ஆக்கப்பட்டது. 2019-இல் மூன்றையும் புதிய நடிகர்களைக் கொண்டு மறுபடியும் எடுத்தனர்.

இதே தொடரின் மூன்றாம் பருவத்து அத்தியாயம் ஒன்றின் கதை வியப்புக்குரியது. வண்ணத்தில் எடுக்கப்பட்ட அதன் நாடா அழிந்துவிட்டது. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த கருப்பு வெள்ளைப் படச்சுருள் மட்டுமே எஞ்சியது. அக்காலத்தில் கருப்பு வெள்ளைத் திரையில் ஓடும் காட்சியைக் கருப்பு வெள்ளைப் படச்சுருளில் படம்பிடித்தே இத்தகைய பிரதிகளை எடுத்தனர். அப்போது வண்ணக் குறிகை வடிகட்டப்படாமல் நுண்புள்ளிகளாகப் படச்சுருளில் பதிந்துவிடுவதுண்டு. கண்ணுக்கு அவை வெறும் இரைச்சல். ஆர்வலர்களும் பொறியாளர்களும் அடங்கிய குழு அப்புள்ளிகளைக் கணினியால் படித்து, இழந்த வண்ணத்தை மீட்டது. 2008 டிசம்பரில் அந்த அத்தியாயம் மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. குறை என்று கருதப்பட்ட ஒன்றே சான்றாக மாறிய தருணம் இது.

'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் 1970ஆம் ஆண்டு அத்தியாயங்களும் வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை இன்று கருப்பு வெள்ளையில் மட்டுமே கிடைக்கின்றன. எழுத்தாளர்களான ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் தம்முடைய பயன்பாட்டுக்காக வீட்டு ஒளிப்பதிவுக் கருவியில் படியெடுத்து வைத்திருந்ததால் அந்த அளவேனும் மிஞ்சிற்று.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்த வேண்டும் என்று விளம்பர நிறுவனம் விரும்பியது. லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டிலேயே, பார்வையாளர் முன்னிலையில், 35 மி.மீ. படச்சுருளில் எடுக்க வேண்டும் என்றனர். அதற்காகத் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, ஈடாக அத்தியாயங்களின் உரிமையைப் பெற்றனர். 'மெட்ரோபொலிஸ்' படத்தில் பணியாற்றிய கார்ல் ஃபிராய்ண்ட் ஒளிப்பதிவை ஏற்றார். ஒருமுறை காட்டியதை மறுமுறையும் விற்கலாம் என்னும் எண்ணம் அங்கு முன்னரே வேரூன்றியதால் அத்தொடர் கூர்மை குன்றாமல் இன்றும் நிற்கிறது. சில தொடர்கள் தப்பியதும் சில மறைந்ததும் தரத்தால் அன்று. மறுபயன்பாடு உண்டென ஒருவர் நம்பினாரா என்பதால்.

ஆயினும் அமெரிக்கத் தொடர்கள் வேறு வழியில் சிதைந்தன. மறுவிற்பனையின்போது, கூடுதல் விளம்பரங்களுக்கு இடமளிக்க ஒவ்வோர் அத்தியாயத்திலும் சில நிமிடங்கள் வெட்டப்பட்டன. அடுத்தது பாடல் உரிமம். வானொலி நிலையம் ஒன்றைக் களமாகக் கொண்ட 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' (1978–1982) தொடரில் அக்காலத்து ராக் பாடல்கள் கதையின் உறுப்பாகவே ஒலித்தன. அந்த உரிமங்கள் பின்னாளைய பயன்பாட்டுக்குப் போதவில்லை. பாடல்கள் மாற்றப்பட்டன. ஒரு பாத்திரத்தின் வீட்டு அழைப்புமணி இசைக்கும் மெட்டுகூட மாறியது. பாடலும் பேச்சும் ஒரே ஒலித்தடத்தில் கலந்திருந்த இடங்களில், நடிகரைப் போன்ற குரலுடைய வேறொருவர் பேசி ஒட்டவைக்கப்பட்டார். 2007-இல் வந்த முதற்பருவ டிவிடியிலும் மாற்றுப் பாடல்களே இருந்தன. ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2014-இல் மற்றொரு நிறுவனம் பெரும்பாலான மூலப் பாடல்களுக்கு உரிமம் பெற்று முழுத்தொகுப்பை வெளியிட்டது. எந்தக் காட்சியில் எந்தப் பாடல் ஒலித்தது என்பதை, ஒளிபரப்பான காலத்தில் வீட்டில் பதிவுசெய்த நாடாக்களைக் கொண்டு அறிந்து வைத்திருந்தோர் ரசிகர்களே.

மொழியியல் பயில்வோருக்கு இதில் தனி அக்கறை உண்டு. நகைச்சுவையின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. இடைநிறுத்தத்தில், தொனியில், எதிர்வினையில் இருக்கிறது. கொரியப் போர்க்களத்து மருத்துவமனையைப் பற்றிய 'மாஷ்' தொடருக்குச் சிபிஎஸ் நிறுவனத்தின் வற்புறுத்தலால் சிரிப்பொலி சேர்க்கப்பட்டது; பிபிசி அதே தொடரைச் சிரிப்பொலியின்றி ஒளிபரப்பியது. டிவிடியோ இரண்டையும் தெரிவாக அளித்தது. சிரிப்பொலியை நீக்கிப் பார்த்தால் அதே வசனம் துயரமாகக் கேட்கிறது. ஒரே உரையாடல், இரு பொருள். பாடபேதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வீட்டு ஒளிநாடாவுக்கு முன்னர் ஒரு தொடர் பார்வையாளரின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. விஎச்எஸ் கேசட்டில் இரண்டு மூன்று அத்தியாயங்கள் அடங்கின. டிவிடியில் ஒரு பருவமே அடங்கியது. 'முழுத்தொகுப்பு' என்று உறையில் அச்சிட்ட கணத்தில், முழுமை என்பதற்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குக் கேட்டவர்கள்தாம் ரசிகர்கள்.

அந்தக் கணக்கு இன்று எங்கே நிற்கிறது? 2020 ஜூனில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் ஓர் அத்தியாயம் இணையத் தளம் ஒன்றிலிருந்து, இனவெறிச் சொற்கள் இடம்பெறுவதைக் காரணங்காட்டி நீக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் எச்சரிக்கைக் குறிப்புடன் திரும்பவும் சேர்க்கப்பட்டது. அச்சொற்கள் புண்படுத்துபவை என்பதில் ஐயமில்லை. ஒளிபரப்பில் அவற்றைத் தவிர்ப்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் 1975-இல் ஒரு சமூகம் எதைக் கேட்டுச் சிரித்தது என்பதை ஆராய விரும்புவோருக்குத் திருத்தப்படாத பிரதி தேவை. வட்டு கையில் உள்ளவரை இரு பிரதிகளையும் ஒப்பிடலாம். தளத்தில் மட்டும் உள்ள ஒன்றை மாற்றிவிட்டால், மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கே சான்றிராது.

இந்தியாவில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. 'யே ஜோ ஹை ஜிந்தகி' 1984-இல் தூர்தர்ஷனில் வந்தது. 1990களின் 'தேக் பாய் தேக்', 'ஸ்ரீமான் ஸ்ரீமதி' ஆகியவை 2020 ஊரடங்கின்போது மீண்டும் ஒளிபரப்பாயின. அன்று நாம் கண்டது முதல் ஒளிபரப்பின் வடிவந்தானா என்று ஒப்பிட்டுச் சொல்ல எத்தனை பேரிடம் பிரதி இருக்கும்? காந்த நாடா நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். விசிஆர் கருவிகளின் உற்பத்தியும் 2016-உடன் நின்றுவிட்டது. வீட்டுப் பரணில் 1980களிலோ 1990களிலோ தொலைக்காட்சியிலிருந்து பதிந்த கேசட்டுகள் இருந்தால், எறிவதற்கு முன் உறையின்மீது எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள். இயன்றால் எண்ணிம வடிவுக்கு மாற்றிவையுங்கள். இடையில் வரும் விளம்பரங்களையும் வெட்டிவிடாதீர்கள். அவையும் மூலபாடத்தின் பகுதியே.