குதிரைகளுக்கான மீளுருவாக்க சிகிச்சை

குதிரையின் மூட்டு, தசைநாண், பிணைநார் ஆகியவற்றில் ஏற்படும் காயங்களை இரத்தக் கூறுகள் அல்லது உயிருள்ள செல்களைக் கொண்டு ஆற்றும் மருத்துவ முறைகள் இப்பெயரில் அடங்கும். அந்தக் கூறுகளும் செல்களும் பெரும்பாலும் காயம்பட்ட குதிரையின் உடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. சிதைந்த திசு பழைய தன்மைக்கு நெருக்கமாக வளர வேண்டும் என்பதே நோக்கம்; வலி தணிவது அதன் ஒரு பகுதி மட்டுமே.

காயத்தின் தன்மை

பந்தயக் குதிரைகளில் அதிகம் அடிபடுவது முன்காலின் பின்புறம் ஓடும் தசைநாண். பாய்ச்சலில் அது 16 விழுக்காடு வரை நீள்கிறது. அதன் உள்மையம் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அறுந்த இழைகள் தாமாக ஆறினால் அவ்விடத்தில் விறைத்த தழும்புத் திசு உருவாகும். நொண்டல் மறைந்து களத்துக்குத் திரும்பும் குதிரை அதே காலில் மீண்டும் அடிபடுவது இதனால்தான்.

முறைகள்

எளிமையானது தட்டணுச் செறிவு பிளாஸ்மா. குதிரையின் இரத்தத்தைச் சுழல்கருவியில் பிரித்து, தட்டணுக்கள் மிகுந்த பகுதியை அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி காயத்துக்குள் செலுத்துகிறார்கள். தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் பழுதுபார்ப்பைத் தூண்டுகின்றன.

மூட்டு அழற்சிக்குப் பதப்படுத்திய சீரம் பயன்படுகிறது. இரத்தத்தைக் கண்ணாடி மணிகளுடன் உடல் வெப்பத்தில் சுமார் 24 மணி நேரம் வைத்தால், குருத்தெலும்பை அரிக்கும் இன்டர்லூகின்-1 என்ற பொருளைத் தடுக்கும் புரதம் அதில் பெருகும்.

மூன்றாவது ஸ்டெம் செல். மார்பெலும்பு அல்லது இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் சில வாரம் பெருக்கி, தழும்பு இறுகும் முன் காயத்தில் இடுகிறார்கள். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித் குழு இதற்கு முன்னோடி. 2012இல் வெளியான ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்ற 113 பந்தயக் குதிரைகளில் 27.4 விழுக்காடு மட்டுமே மீண்டும் காயமடைந்தன. வழக்கமான சிகிச்சை பற்றிய முந்தைய ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதிக் குதிரைகள் மீண்டும் காயமடைந்திருந்தன. ஆனால் இது ஒரே காலத்தில் நடத்திய ஒப்பீடு அல்ல என்பதால் இந்த எண்ணை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் கால்நடை ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி அளித்தது. அது குதிரைகளின் மூட்டு நொண்டலுக்கானது.

எந்த முறையானாலும் ஊசியோடு வேலை முடிவதில்லை. கையில் பிடித்து நடத்துவதில் தொடங்கி, தசைநாண் அடிபட்ட குதிரையைப் படிப்படியாக ஓட்டத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்.

இந்தியாவில்

ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் குதிரைத் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து இத்தகைய ஸ்டெம் செல்களைப் பிரித்து ஆராய்ந்துள்ளனர். தமிழ்நாட்டில் குதிரைகள் பந்தயக் களத்தோடு நிற்பதில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வருகின்றன. ரேக்ளா பந்தயங்களிலும் குதிரைகள் ஓடுகின்றன. செல் வளர்ப்பு ஆய்வகம் தேவைப்படாததால் இவற்றுக்கு எட்டக்கூடியது பிளாஸ்மா முறையே. முன்காலின் பின்புறத்தில் சூடும் வீக்கமும் தென்பட்டவுடன் ஓட்டத்தை நிறுத்தி, அல்ட்ராசவுண்ட் வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அதற்கான முதல் படி.