மலையரசன் லோரிகள்



மழை பெய்த மறுநாள் தோட்டத்து மண் சடக்கில் லோரி புதைந்து கிடப்பதைக் காணாதவர் நம்மில் இருக்க முடியாது. ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வீணே சுழலும். எதிர்ப்பக்கச் சக்கரமோ கல்லுப்பிள்ளையாரைப் போல் அசையாமல் இருக்கும். எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம். குறை எஞ்சினில் இல்லை. வண்டி வளைந்து திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். அதற்காக அச்சின் நடுவே பற்சக்கரங்கள் கொண்ட ஒரு பெட்டியை வைத்தார்கள். டிஃபரன்ஷல் என்பது அதுதான். நல்ல சாலையில் அது பெரும் உதவி. சேற்றிலோ, எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே சுழற்சியை எல்லாம் கொடுத்துவிடுகிறது.

இந்தக் குறையை வெல்ல மனிதர் பட்ட பாடு நம் பந்திங் வட்டாரத்தையும் தொட்டுச் செல்கிறது. ஜப்பான் சரணடைவதாக 1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் அறிவித்த பிறகும், முன்பே வகுத்த திட்டப்படி, செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் அரசின் படைகள் மோரிப் கடற்கரையில் இறங்கின. இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள், 25வது இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். எதிர்த்துச் சுட ஆளில்லை. எதிர்த்தது சேறுதான்! கப்பலிலிருந்து இறங்கிய வண்டிகள் பல மென்மையான கரையில் புதைந்துபோயின. அவற்றை அலையில் ஓட்டுவதற்கென்றே மின்பாகங்களுக்கு நீர்க்காப்புச் செய்து, புகைக்குழாயையும் காற்று இழுக்கும் குழாயையும் உயரத் தூக்கியிருந்தார்கள். தண்ணீருக்கு வழி கண்டவர்கள் சேற்றுக்குக் காணவில்லை.

போர் முடிந்தபின் பட்டாளத்து வண்டிகள் உலகெங்கும் மிஞ்சிக் கிடந்தன. ஜீப் மட்டுமே 6 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருந்தது. மலாயாவில் ஏலத்துக்கு வந்த லோரிகளை மரவெட்டுத் தொழில் செய்தோர் வாங்கினார்கள். பட்டறைக்காரர்கள் அவற்றைப் பிரித்துப்போட்டு வேறு பிறவியாக்கினார்கள். மேற்கூட்டைக் கழற்றி எறிந்தார்கள். சட்டத்துக்கு இரும்பு ஒட்டுப் போட்டார்கள். இரும்புக் கயிறு சுற்றும் விஞ்சு உருளையைப் பொருத்தினார்கள். பழைய பெட்ரோல் எஞ்சின் தேய்ந்ததும் டீசல் எஞ்சினை மாட்டினார்கள். பல வண்டிகளில் கதவே இல்லை. இத்தகைய லோரிக்குச் சீனத் தொழிலாளர் வைத்த பெயர் சான் தை வோங், அதாவது மலையரசன். பார்க்க அரசனைப் போல் இராது என்பது வேறு விஷயம். ஆயினும் பெரிய கட்டைகளைத் தானே இழுத்துத் தானே ஏற்றிக்கொண்டு, பாதையில்லாத மலைச்சரிவில் அது இறங்கி வரும்.

இதில் வேகத்துக்கு வேலையில்லை. எஞ்சின் பல சுற்றுச் சுற்ற, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி பற்சக்கரங்களை அமைப்பார்கள். அப்போது வண்டி ஆமையைப் போல் நகரும். ஆனால் தள்ளும் விசை பன்மடங்காகும். இன்று பாறையேறும் வண்டிகளைச் செய்வோரும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். அத்துடன், இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரை அச்சில் சேர்த்து டிஃபரன்ஷலின் குறையைத் தீர்க்கிறார்கள். டயரில் காற்றைக் குறைப்பார்கள். காற்றுக் குறைந்த டயர் அகலமாகப் படிந்து பாறையைப் பற்றிக்கொள்ளும்.

லேண்ட் ரோவர் வண்டியை 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியிட்டார்கள். அதைத் திட்டமிட்ட மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிப் பார்த்தவர். அப்போது இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குப் பங்கீடு இருந்ததால் உடற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் அது துருப்பிடிக்காமல் நெடுநாள் நின்றது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் ஜப்பானிய எஞ்சின் மாற்றிப் பூட்டிய பழைய லேண்ட் ரோவர்கள் கோசு மூட்டைகளைச் சுமந்து வந்தது இதற்குச் சான்று.

அதே 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்த ஆண்டுகளில் பட்டறைகளுக்கு இன்னொரு வேலை வந்தது. துரைமாரின் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்து, கண்ணாடி இருந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒரு கீற்றளவு சந்து மட்டும் விட்டார்கள். பாரம் தாங்காமல் ஸ்பிரிங் தாழ்ந்தது. உள்ளே அடுப்பங்கரைச் சூடு. ஆனாலும் உயிருக்கு ஒரு மறைப்பு இருந்தது. பிரட்டு முடிந்து பால்மரக் காட்டுக்குப் போன நம்மவர்களோ நடந்தோ, சைக்கிளிலோ, திறந்த லோரியிலோதான் போனார்கள். அவர்களுக்கென்று யாரும் தகடு அடிக்கவில்லை. தோட்ட வரலாற்றை எழுதுவோர் துரையின் கவச வண்டியைப் பற்றி எழுதும்போது அந்தத் திறந்த லோரியையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

காட்டில் பிழைப்புக்காகச் செய்த வேலை பின்னர் பந்தயமாகவும் ஆயிற்று. 1997 முதல் நம் நாட்டில் மழைக்காட்டுச் சவால் என்னும் போட்டி, ஆண்டிறுதிப் பருவமழைக் காலத்தைத் தேர்ந்தே நடத்தப்பட்டு வந்திருக்கிறது. போட்டி வண்டிகளில் முன்னும் பின்னும் விஞ்சு, கூரை வரை உயர்ந்த காற்றுக்குழாய், உயர்த்திய ஸ்பிரிங் எல்லாம் உண்டு. இவ்வாறு மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்.

விஞ்சுக் கயிற்றை மரத்தில் கட்டும் முறை மட்டும் மாறியிருக்கிறது. மரவெட்டு லோரிக்காரர் இரும்புக் கயிற்றை நேரே மரத்தில் சுற்றினார்; எப்படியும் விழப்போகும் மரம்தானே! இப்போதோ அகலமான துணிப்பட்டையை மரத்தில் சுற்றி, அதில்தான் கயிற்றை மாட்டுகிறார்கள். பாரம் இழுக்கையில் இரும்புக் கயிறு பட்டையை அறுத்துவிடும். பட்டை அறுபட்டால் மரம் என்ன ஆகும் என்பதைப் பால்மரம் வெட்டிய கைகளுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.