கேள்வி கேட்காத குழந்தைகள்

தாத்தா பாட்டி இல்லாத ஒரு ஊரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் இல்லை, ஊர் முழுக்க அநேகமாக எந்தக் குழந்தைக்கும் இல்லை! வடக்கு இஸ்ரேலில் ஆக்ரே, நஹாரியா நகரங்களுக்கு நடுவே அப்படி ஒரு ஊர் உருவானது. பெயர் லோஹமேய் ஹகெட்டாவோத். 'கெட்டோ போராளிகள்' என்று அர்த்தம்.

போலந்தின் வார்சா நகரில், யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவில், 1943 ஏப்ரல் 19 அன்று நாஜிகளுக்கு எதிரான எழுச்சி தொடங்கியது. அதில் உயிர் பிழைத்த சிலரும் வதை முகாம்களிலிருந்து மீண்டவர்களும் சேர்ந்து, 6 ஆண்டுகள் கழித்து அதே நாளில் அமைத்த கிப்புட்ஸ் இது. கிப்புட்ஸ் என்றால் அன்று நிலம், வருமானம், சமையல் எல்லாம் பொதுவாக இருந்த கூட்டுக் குடியிருப்பு.

அப்போது குழந்தைகளும் பொதுதான். பெற்றோருடன் இருப்பது சாயங்காலம் சில மணி நேரம் மட்டும். தூங்குவது 'குழந்தைகள் இல்லத்தில்', மற்ற பிள்ளைகளோடு. பெண்களை வீட்டு வேலையிலிருந்து விடுவிக்கவும் புதுவிதமான மனிதர்களை வளர்க்கவும் பழைய கிப்புட்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஏற்பாடு இது, நோக்கம் நல்லதுதான். ஆனால் இங்கே அது மௌனத்துக்கு வசதியாகிப் போனது. ராத்திரி அப்பா அலறி எழுந்தால் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை அழுதால் அம்மாவுக்குத் தெரியாது.

ஊரில் யாருமே பேசவில்லை என்றும் சொல்ல முடியாது, விசித்திரம் அதுதான். கிப்புட்ஸ் தொடங்கிய அதே 1949-ல் அங்கே அருங்காட்சியகமும் தொடங்கியது. ஆண்டுதோறும் நினைவுக் கூட்டம். அங்கெல்லாம் வீரம் பேசப்பட்டது. கைவிட்டு வந்த தங்கை, திரும்பி வராத தாய்... இவர்கள் மேடை ஏறவில்லை. இறந்தவர்களின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பது ஐரோப்பிய யூதர்களின் வழக்கம். அது யார் பெயர் என்று குழந்தை கேட்டால்? கேட்கக் கூடாது என்பதைக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான ஸிவியா லுபெட்கின் இங்கே கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர். 1961-ல் ஐஷ்மன் வழக்கில் அவரும் கணவர் யித்ஸாக் ஸுக்கர்மனும் சாட்சி சொன்னார்கள். வீட்டில் பெற்றோர் சொல்லாததை இஸ்ரேலில் எத்தனையோ பிள்ளைகள் அந்த ஆண்டு ரேடியோவில்தான் கேட்டார்கள்.

இன்னொரு மௌனமும் உண்டு. அந்த நிலம் அல்-சுமைரிய்யா என்ற பாலஸ்தீன கிராமத்துடையது. 1948 மே மாதப் போரில் அந்த ஊர் காலியானது. மக்கள் அகதிகளானார்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களின் பிள்ளைகள், எல்லாவற்றையும் இழந்து போனவர்களின் மண்ணில் விளையாடினார்கள். இதைப் பற்றியும் பேச்சில்லை.

ஸுக்கர்மன் 1970-களில் டேப் ரெக்கார்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் உயிரோடு இருக்கும்வரை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. 1981-ல் இறந்தார். புத்தகம் 1990-ல் வந்தது. கிப்புட்ஸில் முதலில் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது 40 வயது.