எடை இறங்காமல் நிற்கும் கட்டம்: ஒரு வரலாறு

உணவைக் குறைத்து எடையைக் குறைப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எடை இறங்குவது நின்றுவிடும். உணவும் உடற்பயிற்சியும் மாறியிருக்காது; ஆனாலும் வாரக்கணக்கில் தராசு முள் அசையாது. இதுவே எடைத் தேக்கம். மருத்துவ ஆய்வுகளில் இது பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டித் தலைகாட்டுகிறது. மனவுறுதி தளர்வதால் வருகிறது என்பது இதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம். உடல் எரிக்கும் ஆற்றல் குறைகிறது என்பது பிறகு வந்த விளக்கம். பசிதான் பெரிய காரணம் என்பது அண்மையில் தெரியவந்தது. காரணம் மாறியபோதெல்லாம் தேக்கத்தைக் கடக்கச் சொல்லப்பட்ட வழியும் மாறியது.

உடல் எடையை ஒழுங்காக நிறுத்துக் குறித்துவைத்த முன்னோடி, இத்தாலியின் பாதுவா நகர மருத்துவர் சான்டோரியோ. பெரிய துலாக்கோலில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, உண்டதையும் கழித்ததையும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் உடலைவிட்டுப் போகிறது என்று 1614இல் வெளியான நூலில் எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூச்சும் ஒருவகை எரிதலே என்று பிரான்சின் லவாய்சியர் நிறுவியபோது அந்தப் புதிருக்கு விடை கிடைத்தது.

எடை குறைப்பைப் பொதுமக்களின் பேச்சாக்கியவர் லண்டனில் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்த வில்லியம் பான்டிங். எடை குறைய அவர் முதலில் படகு வலித்தார், பசிதான் கூடியது. பிறகு மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்து, 202 பவுண்டு எடையில் ஓராண்டுக்குள் 46 பவுண்டு இறங்கினார். 1863இல் அவர் வெளியிட்ட சிறுநூல் பல பதிப்புகள் கண்டது. அதில் கலோரிக் கணக்கு ஏதும் இல்லை.

அந்தக் கணக்கு அமெரிக்காவில் பிறந்தது. 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் மனிதர்களைக் காற்றுப்புகாத அறைக்குள் நாள்கணக்கில் இருக்கவைத்து, அவர்கள் வெளியிட்ட வெப்பத்தை அளந்தார். ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று இன்று உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் கணக்கு அவருடையது. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918இல் எழுதிய நூல் அதை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. எடை குறைய வேண்டியவர்களுக்கு அவர் வகுத்த அளவு நாளுக்கு 1,200 கலோரி. அளவு எண்ணாகிவிட்டதால், எடை இறங்காவிட்டால் எண்ணை மீறியதாகவே பொருள் கொள்ளப்பட்டது. உணவை இன்னும் குறைப்பது ஒன்றே தீர்வாகச் சொல்லப்பட்டது.

அதே காலத்தில் வேறொரு விளக்கத்துக்கான சான்றும் கிடைத்திருந்தது. முதல் உலகப்போரில் உணவுப் பஞ்சத்தின் விளைவை அறிய, 1917இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர் பிரான்சிஸ் பெனடிக்ட், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி மாணவர் பன்னிருவரின் உணவைக் குறைத்தார். எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியதும், அந்த எடையில் நிற்க அவர்களுக்குத் தேவைப்பட்ட உணவு முன்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முன்பு எடையைக் குறைத்திருக்கக்கூடிய உணவே இப்போது எடையை நிலைநிறுத்தப் போதுமானதாகிவிட்டது.

இதைப் பெரிய அளவில் காட்டியது மினசோட்டா பட்டினி ஆய்வு. போரில் சேர மனச்சாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர்கள், 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடித்தளத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். ஆய்வை நடத்திய ஆன்செல் கீஸ் அவர்களுக்கு முதல் 12 வாரம் நாளுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி கொடுத்தார். அடுத்த 24 வாரம் அதில் பாதியளவே: ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மக்ரோனி. அதோடு வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கி 24ஆம் வாரத்தில் எடை நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வளைகோடு வரையப்பட்டது. கோட்டைவிட்டு விலகியவர்களுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும் கூட்டியோ குறைத்தோ தரப்பட்டன. முடிவில் அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்திருந்தார்கள். ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றல் 39% குறைந்திருந்தது. இதில் பெரும்பங்கு உடல் சுருங்கியதால் வந்தது. எஞ்சியிருந்த திசுவும் முன்னைவிடக் குறைவாகவே எரித்தது. கால்களில் நீர் கோத்ததால், கொழுப்பு கரைந்த அளவுக்குத் தராசில் எடை குறையவில்லை. அவர்கள் தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை ஓயாமல் புரட்டினார்கள். பசியின் இந்தப் பதிவுகள் 1950இல் வெளியான இரு தொகுதி நூலில் விரிவாக இடம்பெற்றன.

ஆனால் எடை குறைப்புத் தொழில் இந்த வளைகோட்டைக் கைக்கொள்ளவில்லை. அதற்கு வாய்த்தது ஒரு நேர்கோடு. ஒரு பவுண்டு எடைக்கு ஈடு 3,500 கலோரி என்று 1958இல் நியூயார்க் மருத்துவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி கணக்கிட்டார். இதன்படி நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரம் ஒரு பவுண்டு, ஆண்டுக்கு 52 பவுண்டு குறைய வேண்டும். 1963இல் ஜீன் நிடெச் நியூயார்க்கில் நிறுவனமாக்கிய வெயிட் வாட்சர்ஸ் போன்ற சங்கங்களில் உறுப்பினர்கள் வாரந்தோறும் எடை பார்த்துக்கொண்ட காலம் அது. வாரம் ஒரு பவுண்டு என்ற எதிர்பார்ப்பு வேரூன்றியபின், எடை நின்றவர் ஏதோ பிசகு செய்தவராகவே பார்க்கப்பட்டார்.

உண்மையான அளவீடு 1980களில் வந்தது. கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைச் சிறுநீரில் அளந்தால், வழக்கம்போல் நடமாடும் ஒருவர் எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறார் என்று தெரிந்துவிடும். 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்ற பத்துப் பேரை, 1992இல் நியூயார்க் ஆய்வாளர்கள் இம்முறையில் சோதித்தார்கள். அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றலில் குறையில்லை. உண்டதில் ஏறத்தாழப் பாதி அவர்கள் கணக்கில் வராமல் போயிருந்தது. உடலுழைப்பைப் பாதிக்குமேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பட்டினியாக எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும். மறு ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் ரூடால்ஃப் லைபலும் தோழர்களும், எடை பத்து விழுக்காடு குறைந்தவர்களின் ஆற்றல் செலவு உடல் சிறுத்ததால் குறைய வேண்டிய அளவையும் தாண்டிக் குறைகிறது என்று காட்டினார்கள்.

நேர்கோட்டுக் கணக்கை 2011இல் திருத்தியவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால். நாளுக்குக் குறைக்கும் ஒவ்வொரு 10 கலோரிக்கும் இறுதியில் ஒரு பவுண்டு குறையும். அதில் பாதி குறைய ஓராண்டும், 95% குறைய மூன்றாண்டும் ஆகும் என்றது அவர் குழுவின் கணிப்பு. 500 கலோரி குறைப்பவர் முதலாண்டில் இறங்குவது 52 பவுண்டு அல்ல, 25.

ஆனால் இங்கே ஒரு முரண் எழுந்தது. உடல் தன் செலவைக் குறைப்பது மட்டுமே காரணமென்றால் எடை ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் நிற்கக் கூடாது. உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பது அவ்வப்போது நழுவுவதே முன்கூட்டி வரும் தேக்கத்தை விளக்குகிறது என்று 2014இல் டயானா தாமஸ் குழுவின் கணித மாதிரி காட்டியது. நழுவுவது ஏன் என்பதை 2016இல் ஹாலும் இணைந்த ஓர் ஆய்வு அளந்தது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் நீரிழிவு மருந்தை உண்டவர்கள், தாங்கள் கலோரி இழப்பதை உணரவில்லை; எனவே அவர்கள் கூடுதலாக உண்டது பசியின் அளவைக் காட்டியது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்துக் கிலோ இறங்கியவர் ஒவ்வொரு நாளும் ஆயிரம் கலோரிக்கான கூடுதல் பசியோடு போராடுகிறார்.

இதன்பின் தேக்கத்தைக் கடக்கும் வழிகளும் திருந்தின. உணவளவை மீண்டும் ஒருமுறை நிறுத்துச் சரிபார்ப்பது, புதிய எடைக்கேற்ப கலோரித் தேவையைக் கணக்கிடுவது, தசை கரையாமல் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ப்பது ஆகியவை வழக்கமாயின. இரண்டு வாரம் குறைப்பு, இரண்டு வாரம் இடைவேளை என்ற முறையில் கூடுதல் எடை குறைந்ததாக ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2017இல் கூறியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிசெய்யவில்லை. பசியையே தணிக்கும் செமாகுளுடைடு மருந்து, 2021இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9% எடையைக் குறைத்தது. அதிலும் 60ஆம் வாரத்தை ஒட்டி எடை நின்றது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பியது. தேக்கத்தைத் தள்ளிப்போடவும் இன்னும் தாழ்ந்த எடையில் அமைக்கவும் முடிகிறது. அங்கே நிலைத்திருக்க, எடையைக் குறைத்த அதே முயற்சி தொடர வேண்டியிருக்கிறது.